நம்பர் பற

நான் சுலபத்தில் மன்னிக்கிற ஆள் இல்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நம் நிலத்தை ஒருவன் ஆக்கிரமித்துக்கொண்டால் வழக்குப் போடப் பன்னிரண்டு வருடம்தான் அவகாசம். அதற்குப் பிறகு சட்டமே மறந்துவிடச் சொல்கிறது. ஆனால் கோபத்துக்கு அப்படியொரு காலவரம்பை எந்தச் சட்டத்திலும் நான் பார்த்ததில்லை. (தேடியிருக்கிறேன்.) எழுபதுகளின் நடுவில் ஒரு பிற்பகலில் எனக்கு வந்த கோபம் இன்று காலை காபி குடிக்கும்போதும் சூடாகத்தான் இருந்தது. காபிதான் ஆறிப்போயிருந்தது.

நான் வடகரப்பதிக்காரன். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். எங்கள் கடலைக்காட்டு வரப்பில் நின்று துப்பினால் தமிழ்நாட்டில் விழும். வீட்டில் கோயமுத்தூர்த் தமிழ், ரேஷன் கடையில் மலையாளம், பாலக்காட்டுக் கல்லூரியில் ஆங்கிலம் மாதிரி ஏதோ ஒன்று என்று மூன்று மொழியில் பிழைத்துக்கொண்டிருந்தேன். மூன்றும் எனக்கு அத்துபடி என்று ஒரு திமிரும் இருந்தது. அந்தத் திமிரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கல்லூரியில் நான் நெடுந்தூர ஓட்டக்காரன். பத்தாயிரம் மீட்டர். ஏதோ பிறவித் திறமை என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் குரியன் சார் முதலில் எல்லோரையும் நூறு மீட்டர் ஓடவிட்டார். தோற்றவர்களை நானூறுக்குத் தள்ளினார். அதிலும் தோற்றவர்களை ஆயிரத்து ஐந்நூறுக்குத் தள்ளினார். எதிலும் தேறாமல், அதே சமயம் வீட்டுக்கும் போகாமல் நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். என் பெயரைப் பத்தாயிரத்துக்கு எழுதிக்கொண்டார். வேகமில்லாதவனுக்கும் பிடிவாதக்காரனுக்கும் ஏற்ற பந்தயம் அது. முதல் வருடம் பல்கலைக்கழகப் போட்டியில் எட்டாவதாக வந்தேன். இரண்டாம் வருடம் ஐந்தாவது.

மூன்றாம் வருடம் வெறும் பதக்க விஷயமாக இல்லை. கஞ்சிக்கோட்டுப் பக்கம் புதிதாக வந்த ஓர் ஆலையில் விளையாட்டுக் குழு அமைக்கிறார்கள் என்றும், பல்கலைக்கழகப் போட்டியில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களை எழுத்தர் வேலைக்கு நேரே அழைப்பார்கள் என்றும் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அந்தத் தாளை நான் மனப்பாடம் செய்திருந்தேன். வீட்டில் அப்பாவோ கெடு வைத்துவிட்டார். படிப்பு முடிந்ததும் காட்டுக்கு வந்துவிட வேண்டும், இந்த ஓட்டமெல்லாம் அன்றோடு சரி.

"ஓடி ஓடி என்றா கண்டே? ஆட்டுக்குப் பொறத்தால ஓடியிருந்தாக்கூட ஆடாச்சும் மிஞ்சியிருக்கும்" என்பார்.

ஆக, மூன்றாம் இடம் வந்தால் ஆலை. நான்காம் இடம் வந்தால் கடலைக்காடு. இவ்வளவு தெளிவாக வாழ்க்கை அதற்குப் பிறகு என்னிடம் ஒருபோதும் பேசியதில்லை.

போட்டி வடக்கே ஒரு கடலோர நகரத்தில், ஒரு கல்லூரி மைதானத்தில். அந்தக் காலத்தில் நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண்ணை அச்சடித்துத் தரமாட்டார்கள். ஒரு முழத் துணியைக் கிழித்து, நீல மசியில் தூரிகையால் எழுதித் தருவார்கள். எனக்கு வந்தது அறுபத்தேழு. குண்டூசியால் பனியனில் குத்திக்கொண்டேன்.

இங்கே நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். மற்ற கல்லூரிக்காரர்கள் ஏதோ களிம்பைக் காலில் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டிலிருந்து ஒரு சீசா கடலெண்ணெய் கொண்டுவந்திருந்தேன். எங்கள் காட்டுக் கடலை, எங்கள் ஊர்ச் செக்கு. காலுக்கு மட்டும் தேய்த்திருந்தால் சரித்திரமே மாறியிருக்கும். தொடைக்குத் தேய்த்தேன், தோளுக்குத் தேய்த்தேன், மூச்சு இலகுவாக வரட்டும் என்று நெஞ்சுக்கும் தாராளமாகத் தேய்த்தேன். (மூச்சுக்கும் கடலெண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். இளநிலைப் பொருளாதாரத்தில் அந்தப் பாடம் இல்லை.) பனியனைப் போட்டுக்கொண்டு கோட்டில் போய் நின்றபோது பொரிப்பதற்குத் தயாரான அப்பளம் போல இருந்தேன்.

இப்போது விதிமுறை. நானூறு மீட்டர் பாதையில் பத்தாயிரம் மீட்டர் என்றால் இருபத்தைந்து சுற்று. ஓடுகிறவன் எண்ண வேண்டியதில்லை, எண்ணுவதற்கு ஆள் உண்டு. ஒரு ஆளுக்கு நாலு ஓட்டக்காரர்கள் கணக்கு. ஒவ்வொரு முறை நாம் கடக்கும்போதும் அவர் நம் எண்ணைப் பார்த்து, தாளில் நம் எண்ணுக்கு நேரே ஒரு கோடு போட வேண்டும். எனக்கு வாய்த்தவர் அந்தக் கல்லூரியின் வேதியியல் விரிவுரையாளர். ஆள் பற்றாக்குறையால் பிடித்துவந்து உட்கார வைத்திருந்தார்கள். மெலிந்த மனிதர், தடித்த கண்ணாடி, வெயிலுக்கு விரித்த கறுப்புக் குடை. வேதியியலெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்று அவர் எனக்கு வெறும் குடைக்காரர்.

முதல் பத்துச் சுற்று ஒழுங்காகத்தான் போயிற்று. பதினொரு பேரில் ஆறாவதாகப் போய்க்கொண்டிருந்தேன். ஆனால் வெயில் ஏற ஏற எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து துணியில் ஊறி, நீல மசி கரைந்து வயிறு வரைக்கும் வழிந்துவிட்டது. அறுபத்தேழு இருந்த இடத்தில் ஒரு நீலக் கறை. எனக்கு இது தெரியாது. ஓடுகிறவன் தன் நெஞ்சைக் குனிந்து பார்ப்பதில்லை.

பதினோராவது சுற்றில் குடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து பாதை ஓரத்துக்கு வந்து, என்னைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினார்:

"நம்பர் பற! பறடா!"

மலையாளத்தில் 'பற' என்றால் 'சொல்லு'. உன் எண் என்ன என்று கேட்கிறார், பாவம். இது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தினமும் கேட்கிற சொல். ரேஷன் கடைக்காரர் சொல்லுவார், பேருந்து நடத்துநர் சொல்லுவார், பேராசிரியர் சொல்லுவார். ஆனால் நாலு கிலோமீட்டர் ஓடின மூளையில் மூன்று மொழிக்கு இடம் இருப்பதில்லை. இருந்தது ஒன்றே ஒன்று, வீட்டு மொழி. அதில் 'பற' என்றால் ஒரே அர்த்தம்தான்.

பறந்தேன்.

யாரோ நம்ம ஆள், தமிழர், இந்தத் தூரத்தில் வந்து சுற்று எண்ணிக்கொண்டிருக்கிறார், நம் முகத்தைப் பார்த்தே அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. 'நம்பர்' என்று அவர் சொன்னதை 'நம்பர் ஒன்'னுக்குப் பற என்று எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரைத் தாண்டினேன்.

அடுத்த சுற்றில் அவர் இன்னும் சத்தமாக, "பறடா, பற!" என்றார். சொல் புரியவில்லை போலிருக்கிறது என்று தன் நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினார். உன் நெஞ்சிலிருக்கும் எண் என்ன என்பது அதன் பொருள். நான் அதைத் துணிச்சலோடு ஓடு என்று புரிந்துகொண்டு, ஓடியபடியே வலது கையை என் நெஞ்சில் வைத்து, அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். நன்றி ஐயா, உங்கள் நம்பிக்கையைக் காப்பாற்றுவேன் என்ற பாவனையில். வைத்த கை, மிச்சமிருந்த மசியையும் துடைத்துவிட்டது.

மூன்றாம் முறை குடையை மடக்கிவிட்டு என் கூடவே பத்தடி ஓடிவந்தார். நான்காம் முறை கையெடுத்துக் கும்பிட்டார். பதினைந்தாவது சுற்றில் ஐந்தாம் முறையாகக் கேட்டபோது அவர் குரல் உடைந்திருந்தது. நான் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தேன். மைதானமே எழுந்து நின்று கத்தியது. என் வாழ்க்கையின் மிகச் சிறந்த எட்டு நிமிடங்கள் அவை. முழுக்க முழுக்க ஒரு மொழிபெயர்ப்புப் பிழையின் பலன்.

பிறகு கால் செத்துப்போயிற்று. இரண்டு பேர் என்னைத் தாண்டினார்கள். அதற்குமேல் ஒருவனையும் விடவில்லை. நாக்கு வெளியே தொங்க, மூன்றாவதாக, நான்காவது ஆளுக்கு ஐம்பது அடி முன்னால் கோட்டைக் கடந்தேன். ஆலை வாசல் தெரிந்தது.

அப்போது தலைமை நடுவர் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அறுபத்தேழு, ஓடு! இனி அஞ்சு உண்டு!"

இன்னும் ஐந்து சுற்று இருக்கிறதாம். இந்தச் சொல்லில் குழப்பத்துக்கே இடமில்லை. ஓடு என்றால் இரண்டு மொழியிலும் ஓடுதான்.

நடந்தது இதுதான். குடைக்காரர் என்னிடம் கத்துவதற்காக எழுந்துவந்த ஐந்து சுற்றிலும் தாளில் கோடு விழவில்லை. பிறகு, மற்றவர்கள் எண்ணெல்லாம் தெரிகிறது, தெரியாதவன்தான் அறுபத்தேழு என்று அவராகவே முடிவுக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து கோடு போட்டிருக்கிறார். தாளில் இருபது கோடு. என் கால்களில் இருபத்தைந்து சுற்று.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கோட்டிலேயே உட்கார்ந்து, முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். என்ன செய்தேன்? தாளை நம்பினேன். அரசாங்க முத்திரை போட்ட மாதிரி ஒரு தாள், அதைக் கையில் வைத்திருக்கும் கோட்டு மாட்டிய ஒருவர், அவர் சொன்னால் என் காலுக்குத் தெரிந்தது பொய்தான் என்று நினைத்தேன். இதை எழுதும்போதே அந்த இருபது வயதுக்காரனைக் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போலிருக்கிறது.

ஓடினேன். மற்றவர்கள் முடித்துவிட்டுக் குளுக்கோஸ் குடித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தது தடை ஓட்டம் என்பதால் பாதையில் தடைகளைக் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார்கள். நான் அவற்றுக்கு நடுவில் புகுந்து புகுந்து ஓடினேன். ஒன்றின்மேல் கை ஊன்றி இளைப்பாறியபோது அதன் பொறுப்பாளர் என்னைத் திட்டினார். முதலில் சிரித்த கூட்டம் இருபத்தெட்டாம் சுற்றில் சிரிப்பதை நிறுத்திவிட்டது. அதுதான் அதிக அவமானம். அந்தச் சுற்றில்தான் ஒலிபெருக்கியில் முடிவு அறிவித்தார்கள். மூன்றாம் இடம் ஐம்பதடி பின்னால் வந்தவனுக்கு. என் பரிசு இன்னொருவனுக்கு அறிவிக்கப்பட்டதை ஓடிக்கொண்டே கேட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

முப்பது சுற்று. பன்னிரண்டாயிரம் மீட்டர். அப்படியொரு பந்தயமே உலகத்தில் இல்லை. அதில் நான் கடைசி.

விதிப்படி, முடிவு அறிவித்த அரை மணி நேரத்துக்குள் குழு மேலாளர் எழுத்தில் ஆட்சேபணை கொடுக்கலாம். அதில் முதல் சில நிமிடம் நான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தேன். அடுத்த பத்து நிமிடம் புல்லில் மல்லாந்து கிடந்தேன். மீதி நேரம் எங்கள் குழு மேலாளரான குரியன் சாரைத் தேடினேன். எங்கள் நீளம் தாண்டுகிறவனுக்குக் கணுக்கால் சுளுக்கி, சார் அவனை வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். திரும்பி வந்தவர் என் கதையைக் கேட்டுவிட்டு, கிடைத்த தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு ஓடினார். தலைமை நடுவர் தாளைப் படிக்கவில்லை, கைக்கடிகாரத்தைப் படித்தார். நாற்பத்திரண்டு நிமிடம். "சமயம் கழிஞ்ஞு" என்றார். நேரம் முடிந்துவிட்டதாம். என்னை ஐந்து சுற்று அதிகம் ஓடவிட்டுத் தின்ற நேரத்தை அந்த அரை மணியில் கழிக்க வேண்டாமா என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை. இப்போது தெரியும். நாலு பக்கத்தில், மேற்கோளோடு, இரண்டு பிரதி எடுத்துத் தருவேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கடலை உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமலே முழுவதையும் கேட்டார்.

"மத்தவனெல்லாம் எத்தன சுத்து ஓடுனாங்க?"

"இருவத்தஞ்சுங்ப்பா."

"நீயி?"

"முப்பதுங்க."

"அப்பொ நீதானடா மொதலு" என்றார். "என்ற மவன் எல்லாத்தையுங்காட்டி அஞ்சு சுத்துச் சேத்தி ஓடியிருக்கறான், அவனுக்குப் பரிசில்லையாமா. என்ன நாயமுடா இது?"

அன்றைக்கு இருந்த எரிச்சலில் கேலி செய்கிறார் என்று நினைத்து எழுந்து போய்விட்டேன். அவர் கேலியே செய்யவில்லை. அந்த வழக்கில் எனக்குச் சாதகமாக வந்த ஒரே தீர்ப்பு அதுதான். அதை அவர் ஊர் முழுக்கச் சொன்னார். ஒரு மாதத்தில் என் பெயர் 'முப்பது' ஆகிவிட்டது. இன்றைக்கும் வடகரப்பதியில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யோசிப்பார்கள். முப்பது ஊடு எது என்று கேட்டால் கொண்டுவந்து விடுவார்கள்.

ஆலை அழைப்பு ஐம்பதடி பின்னால் வந்தவனுக்குப் போயிற்று. பிற்பாடு அங்கே மேலாளராகி ஓய்வு பெற்றார். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. (இருக்கிறது.)

ஒன்றரை வருடம் கடலைக்காட்டில் இருந்தேன். அந்த நேரத்தில் நான் படித்தது ஒன்றைத்தான், விதிகளை. எந்த விதியாவது இன்னொரு முறை என்னைச் சுற்றில் விட்டுவிடக் கூடாது என்ற வெறி. அரசுத் தேர்வு எழுதினேன், வருவாய்த் துறையில் எழுத்தரானேன். தாலுக்கா ஆபீசில் படிப்படியாக ஏறி டெபுட்டி தாசில்தாராக ஓய்வு பெற்றேன். எந்த மனு எத்தனை நாளில், எந்தப் படிவத்தில், யார் கையொப்பத்தோடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முப்பத்து மூன்று வருடம் அந்த ஆபீசில் மனுவோடு வந்தவர்களைப் பார்த்து, நிமிராமலே நான் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "நம்பர் பற."

நான் ஓட்டத்தை அன்றோடு விட்டேன். பேருந்துக்குக்கூட ஓடியதில்லை. போனால் போகட்டும், அடுத்தது வரும்.

ஓய்வுக்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தேன். மேசைக்கு எதிரே மடக்கிய கறுப்புக் குடை. அதற்கு மேலே தடித்த கண்ணாடி. தலை முழுக்க வெளுத்திருந்தது, ஆனால் அதே ஆள். மனைவி இறந்துவிட்டாராம், அவர் பிறந்த வீட்டு நிலம் எங்கள் தாலுக்காவில் இருக்கிறதாம், வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போட்டிருக்கிறாராம். நான் இந்த நாளுக்காகத் தயாராக இருந்தேன். முகவரி மாற்றம், இணைப்புக் குறைவு, கிராம அலுவலர் அறிக்கை என்று சட்டத்துக்கு உட்பட்டே ஒருவரை எத்தனை சுற்று ஓடவிடலாம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்து சுற்று. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

"நம்பர் பற" என்றேன்.

அவர் எண்ணைச் சொல்லிவிட்டு, பணிவாக, இதோடு ஆறாவது தடவை வருகிறேன் என்றார். ஏற்கெனவே ஐந்து முறை வந்து திரும்பிப் போயிருக்கிறார். ஒரு முறை நான் விடுப்பு, ஒரு முறை கோப்பு இடம் மாறிவிட்டது, மூன்று முறைக்குக் காரணமே யாரும் சொல்லவில்லை.

நான் பழி வாங்குவதற்கு என் ஆபீஸ் எதையும் மிச்சம் வைத்திருக்கவில்லை.

கோப்பை வரவழைத்தேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னால் அடக்க முடியவில்லை. ஒரு காலத்தில் ஓட்டப் பந்தயத்தில் சுற்று எண்ணியிருக்கிறீர்களா என்று கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. ஒரே ஒரு தடவை என்றார். அதில் ஒரு பையன், எவ்வளவு கேட்டும் எண்ணைச் சொல்லாமல் நெஞ்சில் கை வைத்துக் கும்பிட்டுக்கொண்டே ஓடினானாம். அவன் மூன்றாவதாக வந்தான், ஐந்து சுற்றில் எண் தெரியவில்லை, ஆனால் அவன் ஓடியதை நான் பார்த்தேன் என்று தாளின் கடைசியில் குறிப்புக் கட்டத்தில் தெளிவாக எழுதிக்கொடுத்தாராம்.

"எழுதினீங்களா?" என்றேன். தமிழில் கேட்டுவிட்டேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

"எழுதி. வாய் கொண்டும் ஞான் பறஞ்ஞு" என்றார். வாயாலும் சொன்னாராம். "ஆரும் கேட்டில்லா."

குறிப்புக் கட்டம். முப்பது வருடத்துக்கு மேல் எத்தனையோ படிவத்தில் நானே பார்க்காமல் புரட்டிப்போன கட்டம். ஒரே ஒரு ஆள் அந்தத் தாளைத் திருப்பிக் கீழே பார்த்திருந்தால் நான் ஆலைக்குப் போயிருப்பேன். அப்படியானால் என் கோபம் யார் மீது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. கோடு போடாதவர் மீது என்று அத்தனை வருடம் வைத்திருந்ததை அன்றைக்கு வேறு யார் பெயருக்காவது மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் ஒரு படிவம் இல்லை.

அவரிடம் நான்தான் அந்தப் பையன் என்று சொல்லவில்லை. சான்றிதழைக் கையிலேயே கொடுத்து அனுப்பினேன். வாசலில் குடையை விரித்துக்கொண்டு போனார்.

என் மனைவி சரோஜா கொல்லங்கோட்டுக்காரி. பெண் பார்க்கப் போனபோது என் அப்பா அவர்கள் வீட்டில், பையன் முப்பது சுற்று ஓடி முதலாக வந்தவன் என்று பெருமையாகச் சொல்லி வைத்துவிட்டார். உண்மையைக் கல்யாணத்துக்குப் பிறகு நான் சொன்னேன். அன்றிலிருந்து அவளுக்கு அது கிடைத்துவிட்டது. நான் ஏதாவது சொல்ல வந்து இழுத்தால், "பறங்க" என்பாள். அவசரப்பட்டால், "நம்பரச் சொல்லீட்டுப் பறங்க" என்பாள். என் மகளுக்கும் மருமகனுக்கும் இது பரம்பரைச் சொத்தாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆட்சேபணை தெரிவிக்கும் அவகாசம் முடிந்துவிட்டது.

போன மாதம் நெஞ்சில் ஏதோ அழுத்தம் என்று பாலக்காட்டில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். டோக்கன் வாங்கிக் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்துக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த பெண் என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "அங்கிளே, நம்பர் பற" என்றாள்.

நான் எழுந்து நின்றேன். அவள் இன்னொரு முறை, இன்னும் சத்தமாகக் கேட்டாள்.

பின்னாலிருந்து சரோஜா மெதுவாகச் சொன்னாள்: "ஏனுங்க, அந்தப் புள்ள சொல்லத்தானுங்க சொல்லுது. மொதல்ல அந்தக் கைய எடுங்க."

குனிந்து பார்த்தேன். வலது கை நெஞ்சின் மேல் இருந்தது. டோக்கன் அதற்கு அடியில் இருந்தது.